ஜம்ஷீதின் கிண்ணம்: காவியத்திலிருந்து கல்புக்கு

பாரசீகக் கவிதையைப் பயில்வோர் ‘ஜாமே ஜம்’ என்னும் சொற்றொடரை அடிக்கடி சந்திப்பர். உலகனைத்தையும் தன்னுள் காட்டும் ஜம்ஷீது மன்னனின் கிண்ணம் என்பது அதன் பொருள். மறைவானவற்றை அறியும் ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது எனத் திருமறை (27:65) தெளிவுறுத்துகிறது. அவ்வாறிருக்க, இஸ்லாத்துக்கு முந்திய ஈரானின் இக்கதைப்பொருள் முஸ்லிம் கவிஞர்களின் நாவில் இடம்பெற்றது எங்ஙனம்?

கி.பி. 1010இல் ஃபிர்தவ்ஸி நிறைவு செய்த ‘ஷாநாமா’வில் இக்கிண்ணம் ஜம்ஷீதுடையதன்று; கைகுஸ்ரூ மன்னனுடையது. நவ்ரோஸ் நாளில் மன்னன் அதனுள் நோக்குகிறான். கோள்களும் ஏழு இக்லீம்களும் தோன்றுகின்றன. காணாமற்போன வீரன் பீஷன், தூரான் நாட்டில் ஒரு குழியில் சிறைப்பட்டிருப்பதும் தெரிகிறது. பின்னரே கிண்ணம் ஜம்ஷீதுக்கு உரியதாயிற்று. மதுவைக் கண்டறிந்தவன் அவனே என்ற பழங்கதை இதற்குக் காரணமாகலாம். மேலும், ஃபார்ஸ் பகுதி மக்கள் ஜம்ஷீதை நபி சுலைமான் (அலை) அவர்களோடு இணைத்துப் பேசினர். பெர்ஸபொலிஸ் இடிபாடுகளுக்கு ‘தக்தே ஜம்ஷீத்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

மற்றொரு கிண்ணத்தையும் இங்கு நாம் நினைவுகூர வேண்டும். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் பாத்திரத்தைத் திருமறை முதலில் ‘ஸிகாயா’ (12:70) என்றும், அடுத்து ‘ஸுவாஉ’ (12:72) என்றும் குறிக்கிறது. முன்னது பருகும் கலம். பின்னது தானியம் அளக்கும் அளவை. பைபிளின் ஆதியாகமமோ (44:5) அதனைக் குறி பார்க்கும் பாத்திரம் என்கிறது. திருமறையில் குறி பார்த்தல் பற்றிய பேச்சே இல்லை. பஞ்ச காலத்தில் மக்களுக்கு நீதியுடன் அளந்து கொடுத்த கருவியாகவே அது நிற்கிறது.

சூஃபியாக்களும் கிண்ணத்தின் மாயத்தை அகற்றி, அதற்கு வேறு பொருள் தந்தனர். ஸனாயீ அதனை மனிதனின் கல்பு என விளக்கினார். 1191இல் கொல்லப்பட்ட ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி, ‘லுகதெ மூரான்’ என்னும் நூலில், பத்து முடிச்சுகளுள்ள தோலுறைக்குள் இருக்கும் கிண்ணமாக அதனைச் சித்திரித்தார். தோலுறை உடலையும், முடிச்சுகள் அகப்புலன் ஐந்தையும் புறப்புலன் ஐந்தையும் குறிப்பதாக உரைகாரர் கூறுவர். ஹாஃபிஸின் கஸல்களில் இவ்வுருவகம் முழு அழகு பெற்றது.

ஆகவே, ‘ஜாமே ஜம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் இக்கவிஞர்கள் மூடநம்பிக்கையைப் பாடினர் என முடிவு கட்டுவது முறையாகாது. மன்னனின் கையிலிருந்த மாயப்பொருளை அவர்கள் ஏழையின் நெஞ்சுக்குள் வைத்தனர். அங்கு அது மறைவானதை அறியும் கருவியன்று. துருவகற்றித் துலக்க வேண்டிய கண்ணாடி. துலக்கும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உரியது. அதில் எதைக் காட்டுவது என்பது அல்லாஹ்வின் நாட்டம்.