பிரதாப முதலியார் சரித்திரம்: அரச, சமூக அநீதிகள்

பிரதாப முதலியார் சரித்திரம், மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எழுதி 1879இல் வெளியான நாவல். தமிழின் முதல் நாவலாக மதிக்கப்படுவது. மாயவரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய ஆசிரியர், நீதிமன்றத்தில் நேரில் கண்ட சீர்கேடுகளைக் கதையில் துணிவுடன் வைத்தார்.

அரச அநீதி: செருப்புத் தைப்பவருடன் எழுந்த கூலித் தகராறு போன்ற அற்ப வழக்கில் நாயகன் பிரதாபன் சிறைப்படுகிறான். விசாரணை நெறி தவறினால் குற்றமற்றவர் படும் பாட்டை இப்பகுதி காட்டுகிறது. அவன் மனைவி ஞானாம்பாள், ஆண் வேடத்தில், அவன் சிறைப்பட்ட விக்கிரமபுரி என்னும் நாட்டின் அரசுப் பொறுப்பேற்று அவனை விடுவிக்கிறாள். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்து, குடிகளைக் காப்பதே ஆட்சியின் கடமை என நிலைநாட்டுகிறாள்.

சமூக அநீதி: பெண்களுக்குக் கல்வி மறுக்கப்படுவதற்குக் கல்வியும் விவேகமும் மிக்க ஞானாம்பாளே மறுமொழி. தமிழர் வழக்காடும் மன்றங்களில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதையும் நாவல் சாடுகிறது. தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்பதே கட்சிக்காரருக்கு விளங்காத நிலையை அது பெருங்கொடுமையாகக் கருதுகிறது.

மதிப்பீடு: நீண்ட அறவுரைகளும் கிளைக்கதைகளும் கதையோட்டத்தைத் தளர்த்தினாலும், நீதி எளியவருக்கு எட்ட வேண்டும் என்னும் இந்நூலின் குரல் இன்றும் வலுவுடையது.