நின்ற இடத்தில் நடுங்கும் கார்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டு வாசலில் பூமாலையோட நிற்கிற ஒஸ்ரின் சோமசெட்டைப் படம் எடுத்துப் போடாத ஆக்கள் குறைவு. "மண்ணெண்ணெயிலயே ஓடின கார்" என்று கீழே ஒரு வரியும் இருக்கும். ஓடினது உண்மைதான். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற காரை அணையவிடாமல் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது, ஓட்டுகிறதைவிடக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

முதலில் கார். ஏ40 சோமசெட் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1200 சிசி, நாலு சிலிண்டர், நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7க்கு 1. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் 1953 வரை பிரித்தானியாவில் தரம் குறைந்த ஒரேவகைப் பெற்றோல்தான் விற்றார்கள். அதைக் குடிச்சுப் பழகின எஞ்சின் இது. 60களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இலங்கை கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அதனால் சோமசெட், மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் எங்கட தெருக்களிலேயே தங்கிவிட்டன. (சோமசெட்டின் பழைய இலக்கத்தகட்டில் 1957இல் வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்காது. அது வேற சண்டை, வேற கட்டுரை.)

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோட வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோட, யானை விலையில் கிடைத்தது. கார்க்காரர் சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, அதைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கிலாந்தில் பேர்கசன் ட்ரக்டர் ஒருவகை 1949இலேயே இந்த முறையில்தான் வேலை செய்தது. ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே அதற்கென்று செய்தார்கள். இங்கே கராஜில் ஸ்பனரும் காதும்தான் இருந்தன.

இப்ப பிரச்சினைக்கு வருவம். ஐட்லிங்கில் காபரேற்றரின் வால்வு கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகிற காற்று கொஞ்சம், வேகமும் குறைவு. எரிபொருளும் தலைமயிர் போன்ற ஒரு துவாரத்தால்தான் வரும். பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 பாகை அளவு சூடு வேணும். மெதுவாய்ச் சுத்துகிற எஞ்சினில் அந்தச் சூடு இல்லை. துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டித் திரண்டு, ஒருக்கால் இந்தச் சிலிண்டருக்கும் ஒருக்கால் அந்தச் சிலிண்டருக்கும் மொத்தமாய்ப் போய் விழும். எஞ்சின் ஏறும், இறங்கும், குலுங்கும், நிண்டுபோகும். நிண்டால் திரும்ப அந்தப் போத்தலைத் திறக்கவேணும். பற்றறியும் செத்திருந்தால் முன்னால் இறங்கிக் கைபிடி போட்டுச் சுத்தவேணும். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காருக்கு இது சின்ன விசயமில்லை.

ஆனால் நடுங்குகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான் காரணம் என்றும் இல்லை. கெட்டிக்கார மெக்கானிக் முதலில் சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்ப்பார். ஒரே தாளத்தில் இடைக்கிடை ஒரு அடி தவறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றினால், எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பிளக்கை எடுத்தால் முனை கறுத்து ஈரமாய் இருக்கும். தாளமே இல்லாமல் ஏறி இறங்கினால் வேற கதை: காற்று எங்கேயோ களவாய் உள்ளே போகுது. குழாய் மூட்டுகளில் ஒரு சொட்டு ஒயில் விட்டுப் பார்த்தால், சத்தம் மாறுகிற இடத்தில்தான் ஓட்டை. ஓடும்போது இந்த ஓட்டை தெரியாது, ஏனென்றால் அப்ப உள்ளே போகிற காற்று ஏராளம். ஐட்லிங்கில்தான் அது பெரிய பங்கு. அதுவும் இல்லையென்றால் பொயின்ற் இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேணும்.

1995 ஒக்டோபர் 30 இரவை நினைத்துப் பாருங்கோ. வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. பெரும்பாலானவை நடந்தும் சைக்கிளிலும்தான் போனவை. அந்தச் சனத்துக்குள் அகப்பட்ட ஒரு காருக்கு ஓட்டம் என்பதே கிடையாது. ஒரு அடி, நிறுத்தம், இன்னொரு அடி. இரவு முழுக்க ஐட்லிங். அன்றைக்கு முதியவர்களை ஏற்றியிருந்த ஒரு எஞ்சின் அணையாமல் நின்றதென்றால், அதற்குப் பின்னால் முதல் கிழமை யாரோ ஒரு மெக்கானிக் முறுக்கின ஒரு சின்ன ஆணி இருந்திருக்கும்.

இதைத் தமிழன்ர மூளை என்று மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒத்துவரவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். எஞ்சின் உள்ளுக்குள்ளே தேயும். வெள்ளைப் புகையைச் சுவாசித்தது தெருவில் நின்ற பிள்ளைகள். கெட்டித்தனம் இருந்தது உண்மை, ஆனால் அதைத் தடை போட்டவன் கட்டாயப்படுத்தி வாங்கினான்.

2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாய் வந்தபிறகும் இந்தக் கார்களின் நடுக்கம் லேசில் போகாது. மண்ணெண்ணெய்க்கென்று பின்தள்ளி வைத்த டைமிங்கைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரவேணும், பிசுபிசுத்த துவாரங்களைக் கழுவவேணும். காபரேற்றர் வால்வைத் தாங்குகிற கம்பி தேய்ந்திருந்தால் எந்த ஆணியை முறுக்கியும் பிரயோசனமில்லை. இவையெல்லாம் ஒஸ்ரின் கொம்பனியின்ர கைநூலில் இல்லை, அந்தக் காலத்து மெக்கானிக்மாரின் வாயில்தான் இருக்கு. அவர்களுக்கு வயது போகுது. கண்டால் படம் மட்டும் எடுக்காமல், எந்த பிளக்கை முதலில் கழற்றுவீங்கள், ஏன் என்று கேட்டு எழுதி வையுங்கோ.