திண்டுக்கல்லும் உஸ்மானாபாத்தும்: கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுகள் இரண்டின் மறுவாசிப்பு

கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பது ‘வயா’ சோதனை. இதன் பயனை ஐயுறுவோர் இரண்டு இந்திய ஆய்வுகளை எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். 2007இல் லான்செட்டில் வெளியான திண்டுக்கல் மாவட்ட ஆய்வில், ஒரே ஒருமுறை நடந்த வயா சோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35% குறைந்தது. 2009இல் வெளியான மராட்டிய உஸ்மானாபாத் ஆய்வில் வயா குழுவில் அப்படியொரு குறைவு நிறுவப்படவில்லை. இந்நோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைக் கண்டறியும் சோதனைக் குழுவிலோ இறப்பு ஏறத்தாழப் பாதியானது.

இரண்டும் முரண்படுகின்றன என்பது அவசர முடிவு. உஸ்மானாபாத்தில் ஒப்பீட்டுக் குழுவோடு பார்க்கையில் வயா குழுவின் இறப்பு விகிதம் 0.86, அதன் நம்பக இடைவெளி 0.60 முதல் 1.25 வரை. திண்டுக்கல்லின் 0.65 அதற்குள்ளேயே அடங்குகிறது. பயன் உறுதிப்படவில்லை என்பதைப் பயனே இல்லை என்று படிப்பது புள்ளியியலில் பழைய பிழை. மும்பையில் ஈராண்டு இடைவெளியில் நான்கு சுற்றுகள் வயா நடத்தியபோதும் இறப்பு 31% குறைந்தது. (மூன்று ஆய்விலும் ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்குச் சோதனை தரப்படாதது பற்றிய அறவியல் கேள்வி தனியே விவாதிக்கத்தக்கது, அதைச் சிறிதென்று நான் கருதவில்லை.)

உஸ்மானாபாத் உண்மையில் சொல்வது வேறு. நோய் இல்லை என்று வயா சொன்ன பெண்களிடையே பின்னர் புற்றுநோய் தோன்றிய வீதம், எச்பிவி இல்லை என்று அறியப்பட்டோரிடையே தோன்றியதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். காரணம் உடலமைப்பிலும் இருக்கிறது. நோய் முளைக்கும் உருமாற்ற மண்டலம் மாதவிடாய் நின்றபின் கருப்பைவாய்க் குழாய்க்குள் பின்வாங்கிவிடுகிறது. எவ்வளவு தேர்ந்த செவிலியரானாலும் அங்கே அவர் கண் எட்டாது. திண்டுக்கல்லில் பயன் 30–39 வயதினரிடம் மிகுந்திருந்ததும் இதனோடு பொருந்துகிறது. ஆகவே எச்பிவி சோதனையை முதன்மையாக்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரையை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் அடுத்த படியில்தான். திண்டுக்கல்லில் 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். 3,088 பேருக்கு வெண்திட்டு. கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பியும் திசு எடுப்பும் குளிர்முறைச் சிகிச்சையும் பயிற்சி பெற்ற செவிலியர்களே அந்த வருகையிலேயே செய்ய ஏற்பாடு இருந்தது. அப்படியிருந்தும் முன்புற்று நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றோர் 72%. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்கும் முறையில், அந்தக் காத்திருப்பிலேயே இன்னும் பலர் நழுவக்கூடும். திறன்மிக்க சோதனை, குறைந்த சிகிச்சை என்ற நிலை வந்தால் இறப்புக் கணக்கில் மாற்றம் தெரியாது.

ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30–49 வயதில் எப்போதேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8%, நாடளவில் 1.9%. நம் முன்னிலையைக் காட்ட இந்த எண் உதவும். ஆனால் சோதனையில் நோய்க்குறி தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதை அது கேட்பதில்லை. எச்பிவி சோதனைக்கு மாறும் மாவட்டங்கள் ஆண்டறிக்கையில் முதலில் வெளியிட வேண்டியது அந்த விகிதத்தையே.