கொற்கை: பாண்டியர் கடல்நகரும் அதைக் காண வந்தோரும்

கொற்கை என்பது தாமிரபரணியின் கழிமுகப் பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே உள்ள சிற்றூர். சங்ககாலத்தில் இது பாண்டிய நாட்டின் முதன்மைத் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் நடுவிடமாகவும் விளங்கியது. மதுரையில் நெடுஞ்செழியன் மாண்டபோது வெற்றிவேற்செழியன் கொற்கையில் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதைக் கொண்டு, பாண்டிய இளவரசர்கள் தங்கி ஆண்ட இரண்டாம் தலைநகரமாக இதனை அறிஞர் பலர் கருதுவர். மதுரைக்கும் முற்பட்ட தலைநகரம் இதுவே என்றும், சேர சோழ பாண்டியரின் முன்னோர் மூவரும் உடன்பிறந்தாராக இங்கு வாழ்ந்தனர் என்றும் சொல்லும் மரபு வழக்கு, சான்றால் நிறுவப்படாததாயினும், தென்பாண்டி மக்களிடையே இன்றளவும் வலுவாக நிலவுகிறது.

பழந்தலைநகரம் ஒன்றைக் காணச் செல்பவர் கோட்டையையும் அரண்மனையையும் எதிர்பார்ப்பது இயல்பு. ரோமிலும் ஏதென்சிலும் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவதற்குக் காரணம், அங்குக் கல் தரைக்கு மேலே நின்றுவிட்டதே. கொற்கையோ செங்கல்லால் எழுந்து ஆற்று வண்டலில் புதைந்த நகரம். ஆகவே இதனைக் காண வந்தோரின் வரலாறு, இருந்த இடத்தில் எதுவும் கண்ணில் படாமையால் பள்ளத்தாக்கு முழுவதையும், பின்னர் தொலைதூர அருங்காட்சியகங்களையும் நாடிச் செல்ல நேர்ந்தவர்களின் வரலாறாகவே அமைகிறது.

வந்தவர்களில் முற்பட்டோர் வணிகர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு, குமரியைக் கூறியபின் கொற்கையைக் கூறுகிறது. குமரியில் நீராடித் துறவு பூண்டு தங்குவோர் இருந்தனர் என்றும், கொற்கையில் பாண்டிய மன்னனுக்கு உரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது குறிக்கிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள கடற்கரையில்தான் இன்றைய கூடங்குளம், இடிந்தகரை, உவரி, மணப்பாடு ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன; அவற்றுள் ஒன்றன் பெயரும் கையேட்டில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமியும் கொற்கையை வணிகத் துறையாகவே குறிக்கிறார். அடியவரையும் வணிகரையும் அடுத்தடுத்த வரிகளில் நிறுத்தும் அந்தக் கையேட்டை இக்கடற்கரைக்கு எழுதப்பட்ட முதல் பயண வழிகாட்டி என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நகரம் மறைந்ததற்கு ஆறே காரணம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கழிமுகம் தூர்ந்து கடல் பின்வாங்க, துறைமுகம் கடலைத் தொடர்ந்து கிழக்கே நகர வேண்டியதாயிற்று. கொற்கை இன்று கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன் இடத்தை முதலில் பழையகாயல் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் தொடும் பெருந்துறையாகக் காயலை வருணித்தார். பின்னர் அதுவும் தூர்ந்துபோக, போர்ச்சுகீசியர் காலத்தில் ஆற்று முகத்திலுள்ள புன்னைக்காயலும், அதனையடுத்துத் தூத்துக்குடியும் முதன்மை பெற்றன. ஒரே துறைமுகம் பெயர் மாறிப் பெயர் மாறி இடம்பெயர்ந்தது என்று கூறினும் பெரும்பிழை ஆகாது.

கொற்கையைப் பழம்பொருள் நாடிக் காண வந்த முதல் அறிஞர் என ராபர்ட் கால்டுவெல்லைக் கூறலாம். 1841இல் இடையன்குடிக்கு வந்து அரைநூற்றாண்டுக் காலம் அங்கு வாழ்ந்த அவர், 1870களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். காயலின் நிலப்பரப்பில் சிதறிக்கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளைக் கொண்டு மார்க்கோ போலோ கண்ட துறைமுகம் அதுவே எனத் துணிந்தார். 1881இல் வெளியான அவரது திருநெல்வேலி வரலாற்று நூலில் இவ்வூர்கள் விரிவாகப் பேசப்படுகின்றன. இடையன்குடி, கூடங்குளத்தைப் போலவே இராதாபுரம் வட்டாரத்தைச் சேர்ந்தது; 1880இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட தூய திரித்துவ ஆலயத்தில் அவரது கல்லறையும், நினைவில்லமாக்கப்பட்ட அவரது வீடும் அங்கு உள்ளன. பாண்டியர் துறைமுகத்தைத் தேடிச் செல்பவர் அதனை மீட்டெடுத்தவரின் ஊரிலிருந்து பயணத்தைத் தொடங்குவது பொருத்தமானது.

பழமையைத் தேடும் முயற்சி கொற்கையோடு நிற்கவில்லை. 1876இல் திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை வந்தது. அதே ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர் ஜாகோர், திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அகழ்ந்தார். பறம்பு என்பது இங்கு சரளைக்கல் மேட்டைக் குறிக்கும். 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேட்டில், இறந்தோரை அவர்தம் பொருள்களுடன் இட்டுப் புதைத்த முதுமக்கள் தாழிகள் நிறைந்திருந்தன. ஜாகோர் கண்டெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்புக் கருவிகள் ஆகியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. பாண்டிய நாட்டின் பழமையைக் காண விரும்பிய ஒருவர் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் தாமிரபரணிக் கரையை விட்டுச் சென்னைக்கோ, ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றுக்கோ போகவேண்டியிருந்தது என்பது இப்பகுதியினரின் நெடுநாள் மனக்குறை.

கொற்கையில் முறையான அகழாய்வு 1968-69இல் இரா. நாகசாமி தலைமையிலான தமிழ்நாடு தொல்லியல் துறையால் நடத்தப்பட்டது. அங்குக் கிடைத்த கரித்துண்டு கரிமக் காலக்கணிப்பின்படி கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. செங்கல் கட்டுமானமும் சங்கு அறுத்தலின் எச்சங்களும் நகரத்தின் தொழிலுக்குச் சான்று தந்தன. 2021இல் கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் ஆகிய மூன்று இடங்களிலும் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, சிவகளைத் தாழியில் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என அறிவிக்கப்பட்டது.

அறிஞர்கள் இவ்வாறு தோண்டிக்கொண்டிருந்த காலம் முழுவதும் பள்ளத்தாக்கிற்கு வந்த பெருங்கூட்டம் வேறு நோக்கம் கொண்டது. ஆழ்வார்திருநகரியைச் சுற்றியுள்ள நவதிருப்பதி எனப்படும் ஒன்பது வைணவத் தலங்களையும், பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் நவகைலாயம் எனப்படும் ஒன்பது சிவத்தலங்களையும், திருச்செந்தூரையும் நாடி மக்கள் வந்தனர். 1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி-திருச்செந்தூர் இருப்புப்பாதை இப்பயணத்தை எளிதாக்கியது. இன்றும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும் மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. ஆதிச்சநல்லூரையொட்டிச் செல்லும் சாலையில் பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும் பறம்பைத் திரும்பியும் பாராமல் கடந்தது, புதைகுழி மேடு காண்பதற்குரியது என்ற எண்ணம் இந்நாட்டு வழக்கில் இல்லாமையைக் காட்டுகிறது.

நிலைமை மாறத் தொடங்கியது அண்மையில்தான். எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடர்ந்த பொதுநல வழக்கு ஆதிச்சநல்லூர் ஆய்வுகள் மீது அரசின் கவனத்தைத் திருப்பியது. 2020-21 நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டம் அதனை ஐந்து அடையாளச் சிறப்புத் தொல்லியல் இடங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2023 ஆகஸ்டில், தாழிகளைக் கண்ட இடத்திலேயே விட்டுக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும் தள அருங்காட்சியகம் அங்குத் திறக்கப்பட்டது. திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் 13 ஏக்கரில் பொருநை (தாமிரபரணியின் மறுபெயர்) அருங்காட்சியகத்திற்கு 2023 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் அகழ்பொருள்களுக்காகத் திட்டமிடப்பட்டது இது.

கொற்கையில் இன்று காணத்தக்கவை சிலவே. நாணயம் அச்சிடும் இடத்தைக் குறிக்கும் அக்கசாலை என்னும் பெயரைத் தாங்கிய ஈசுவரமுடையார் கோயில், வெற்றிவேல் அம்மன் கோயில், ஈராயிரம் ஆண்டு வயதுடையதென ஊரார் கூறும் வன்னிமரம் ஆகியன அவை. கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே செல்பவர்க்கு, பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும் திருச்சிலுவை ஆலயமும் உள்ள மணப்பாடும், உவரியின் கப்பல் மாதா ஆலயமும் அடுத்தடுத்து வருகின்றன. கூடங்குளத்தைப் பொறுத்தவரை, 2013இல் முதன்முதலாக இயக்கநிலை எய்திய அணுமின் நிலையம் வழிப்போக்கர் பார்க்கும் இடமன்று.

பழந்துறைமுகத்தின் ஒரு பகுதி கடலுக்கடியிலும் இருக்கலாம் என்னும் கருத்தில், கொற்கைக்கு எதிரேயுள்ள கடற்பரப்பில் ஆய்வு மேற்கொள்ளப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது.