அரிசி உண்ணும் கரையில் கோதுமை நோய்: தூத்துக்குடியில் யாரைச் சோதிப்பது?

தென் மாவட்டங்களில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தால், வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் முதலில் சொல்வது ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறும்படிதான். தூத்துக்குடியிலும் அப்படியே. கடைத்தெருவின் புரோட்டா நாக்குக்காக வந்தது. சப்பாத்தியோ பத்திய உணவாக வீட்டுக்குள் நுழைந்தது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கும், அதாவது முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கும், இதே பத்தியம் சொல்லப்படுகிறது. உலக அளவில் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் செலியாக் நோய் காணப்படுகிறது. அவர்களுடைய சிறுகுடலைச் சிதைப்பது கோதுமையேதான். தெற்கே இந்த நோய் அரிது என்ற உண்மையை, இங்கே யாரையும் சோதிக்க வேண்டாம் என்ற முடிவாக நாம் மாற்றிக்கொண்டோம். அந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செலியாக் ஒவ்வாமை நோயன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, மரபுவழி வாய்ப்புள்ள சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் அவர்களது குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பும் கால்சியமும் ஃபோலிக் அமிலமும் உடலில் சேராமல் போகின்றன. டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே தம் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில், கோதுமையை நீக்கினால் இக்குழந்தைகள் தேறுவதை நிறுவினார். அன்று பேசப்பட்டது ஓயாத வயிற்றுப்போக்கும் ஒட்டிய உடலுமான குழந்தையைப் பற்றி. இன்று தெரியும் முகங்கள் பல: ஏறாத ரத்தம், வளராத உயரம், தள்ளிப்போகும் பூப்பு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், இளவயதிலேயே எலும்புத் தேய்வு, காரணம் புலப்படாத கருச்சிதைவு. வயிறு ஒரு குறையும் சொல்லாமலே இவை வரலாம்.

ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தது. நோயின் அளவு வடக்கே ஆயிரத்துக்கு 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கே வெறும் 0.11. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகளோ வடக்கே 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கே 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தமிழனின் உடல் இந்த நோய்க்கு விலக்குப் பெற்றதன்று, தட்டில் கோதுமை குறைவு, அவ்வளவுதான் என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அதே ஆய்வின் வடகிழக்கு எண்ணைப் பாருங்கள். அங்கே கோதுமை 37 கிராம்தான்; நம்மைவிட 12 கிராம் கூடுதல். நோயோ நாற்பது மடங்கு. உண்ணும் அளவு மட்டுமே காரணமென்றால் இந்த இடைவெளி விளங்காது. ஆகவே ‘நாங்கள் கோதுமை அதிகம் தின்பதில்லை’ என்பது தனி ஒருவருக்கு உத்தரவாதம் ஆகாது. மேலும், தெற்கின் 0.11 என்பது ஊருக்குச் சொல்லும் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இங்கே செலியாக்கைத் தேடாததற்கு மருத்துவ மரபும் ஒரு காரணம். 1960களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாத்தனும் தென்னிந்தியக் கிராமங்களில் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும், சத்து சேராது. சத்து உறிஞ்சப்படாத நோயாளியைப் பார்த்ததும் தெற்கத்தி மருத்துவர்களின் மனம் ஸ்ப்ரூ, காசநோய், குடற்புழு என்று ஓடியதில் நியாயம் உண்டு. அந்தப் பட்டியலில் செலியாக்கும் இடம்பெற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதற்காக மாவட்டம் முழுவதையும் சோதிக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்வது கெடுதல். அதே ஆய்வில், தெற்கே ரத்தத்தில் செலியாக்குக்கான எதிர்ப்புரதம் காட்டியவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர். நோய் அளவோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கண்மூடிச் சோதித்தால் நோயில்லாத பலர் வாழ்நாள் பத்தியத்தில் மாட்டுவார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாளில் கடலெங்கும் மூழ்கித் தேடியதில்லை. சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளான பார்களை முன்கூட்டி ஆய்ந்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. இங்கும் பார்கள் எவை என்பது தெரியும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள். செலியாக் உறுதியானவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். இந்த நெருங்கிய உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருக்கிறது. வடக்கிலிருந்து துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வேலைக்கு வந்திருப்பவர்களில் மேற்சொன்ன அறிகுறி உள்ளவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு மாத்திரை ஒழுங்காகத் தின்றும் ரத்தம் ஏறாத பெண்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். பெரும்பாலோருக்குக் காரணம் வேறுதான். ஆனால் மாத்திரை பலிக்காதபோது ‘ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று அந்தப் பெண்ணைக் குறைசொல்லி அனுப்புவது மருத்துவமாகாது.

சோதனை எளியது. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ எதிர்ப்புரதத்துக்கும் மொத்த ஐஜிஏ அளவுக்கும் ரத்தம் கொடுத்தால் போதும். பின்னது குறைவாக இருந்தால் முன்னது பொய்யாக ‘இல்லை’ என்று காட்டிவிடும். ரத்தத்தில் எதிர்ப்புரதம் தெரிந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக முன்சிறுகுடலிலிருந்து திசுக்கள் எடுத்து உறுதிசெய்வார்கள். இதில் நம்மவர் செய்யும் பெரிய பிழை, யாரோ சொன்னார்களென்று கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போவது. நிறுத்தியபின் எதிர்ப்புரதம் வடியும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் மறைந்துகொள்ளும்.

உறுதியானபின் வாழ்க்கை வட இந்தியரைவிட நமக்கு எளிது. சோறு, இட்லி, இடியாப்பம், மீன்குழம்பு எல்லாம் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலின் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டு. ரையைக் கம்பு என்று மொழிபெயர்த்து இந்த நல்ல தானியத்தை விலக்கிவிடக் கூடாது. சிக்கல் மறைந்திருக்கும் கோதுமையில். ரவை கோதுமை என்பதே பல வீடுகளில் நினைவில் இல்லை. சேமியா, மைதா, கோதுமைப் பாலில் கிண்டும் திருநெல்வேலி அல்வா ஆகியவற்றோடு, கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. சாம்பாரும் ரசமும் அதனால் கெடும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியை அரைத்தாலும் போயிற்று. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி மூன்றாலான நம்மூர் மக்ரூனில் கோதுமை இல்லை. பேக்கரியில் மைதா தூசி படாமல் செய்தால் அந்தப் பிள்ளைகளும் தின்னலாம்.

மாவட்ட மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்குச் சப்பாத்தி எழுதிக்கொடுக்கும் முன் ஒரு முறை இந்த ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுங்கள். மாத்திரை தின்றும் ரத்தம் ஏறாத பெண்களே, நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தமும் திசுவும் எடுத்து முடியும் நாள்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.