சாமந்திப் பூ அழிக்கப்பட்ட துப்பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு, காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே திருமணம் செய்துகொண்டவன். சென்ற வருடம் மாமனார் காலமானதும், வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி இவர்கள் பங்குக்கு வந்தது. மாமனாரின் அப்பா இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. "சார், இதில் சீன எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது, என்னவென்று பாருங்கள்" என்று பதினைந்து படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இப்படி வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சும்மா விடாது. அங்கே கதை வேறு.)

அவை சீன எழுத்துதான், ஆனால் மொழி ஜப்பானியம். மூன்று எழுத்துகள்: ஒன்பது, ஒன்பது, வகை. ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் கி.மு. 660இலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் 1939 என்பது 2599. அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் இந்த 99. அரிசாகா வகைத் துப்பாக்கி, 7.7 மில்லிமீட்டர் தோட்டா. அரிசாகா நாரியாகிரா 1915இலேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் போட்ட அடித்தளத்தில் வந்த துப்பாக்கிகள் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

இடப்பக்கம் ஒரு வட்டத்துக்குள் ஓர் எழுத்து, பிறகு எண், அதன் பின் பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்தது போன்ற ஒரு சின்னம். ஒரு லட்சம் துப்பாக்கி முடிந்ததும் வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தை மாற்றி, எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்தக் குண்டுச் சின்னம் கோகுரா ராணுவத் தொழிற்சாலையுடையது. டோக்கியோவில் இருந்த தொழிற்சாலை 1923 பூகம்பத்தில் சேதமடைந்த பிறகு கோகுராவுக்கு மாற்றப்பட்டது.

கோகுரா என்ற பெயரை வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டை ஏற்றிவந்த விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி அல்ல, கோகுரா. காரணம் இதே தொழிற்சாலைதான். மேகமும் புகையும் மூடி இலக்கு தெரியவில்லை. மூன்று முறை சுற்றிவிட்டு விமானம் நாகசாகிக்குப் போனது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறு ஒன்று. "ஒன்பது ஒன்பது" என்ற எழுத்துகளுக்கு மேலே பதினாறு இதழ் கொண்ட சாமந்திப் பூ இருக்க வேண்டும். அது பேரரசரின் முத்திரை. துப்பாக்கி சிப்பாயுடையது அல்ல, பேரரசரின் சொத்து என்று அதற்குப் பொருள். அதில் தூசி படிந்திருந்தால்கூடச் சிப்பாய்க்கு அடி விழும். இந்தத் துப்பாக்கியில் அந்த இடத்தில் பூ இல்லை. அரத்தால் ராவிய கீறல்கள்தான் இருக்கின்றன.

தோற்றபின் எதிரியிடம் ஒப்படைக்குமுன் பேரரசரின் முத்திரையை அழித்துவிட்டார்கள். அப்படி அழித்தவை ஆயிரக்கணக்கில் உண்டு. போர்க்களத்தில் கைப்பற்றியவற்றில் பெரும்பாலும் பூ அப்படியே இருக்கும். சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து ராவ யாருக்கு நேரம்? பள்ளிகளுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த துப்பாக்கிகளிலும் பூவை அழித்ததுண்டு. அதனால் பூ இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

இங்கேதான் சங்கடம். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை, "தாத்தா நேருக்கு நேர் சண்டையில் ஒரு ஜப்பானிய அதிகாரியிடமிருந்து பறித்தது" என்பது. முதலில், அதிகாரிகள் வைத்திருந்தது வாளும் கைத்துப்பாக்கியும். இந்த நீளத் துப்பாக்கி சாதாரணச் சிப்பாயின் ஆயுதம். "தாத்தாவின் ராணுவ விடுவிப்புத் தாள் வீட்டில் இருக்கிறதா, தேடு" என்றேன். அரசிடம் கேட்கலாமே என்பீர்கள். செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. அந்தக் காலத் தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம் அதில் அடக்கம். வீட்டில் இருக்கும் தாள்தான் பலருக்கு மிச்சம்.

ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தது. தாத்தா அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறியது 1945 ஆகஸ்ட் கடைசியில். ஜப்பானில் இறங்கியது செப்டம்பரில். பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தது ஆகஸ்ட் 15. அவர் எந்தச் சண்டையையும் பார்க்கவில்லை. ஒப்படைக்கப்பட்டுக் குவிந்த துப்பாக்கிகளில் பெரும்பகுதியை எரித்தார்கள், கடலில் கொட்டினார்கள். நினைவுப் பொருளாக எடுத்துப்போகச் சிப்பாய்களுக்கு அனுமதி இருந்தது. போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் பொருந்தாததும் இதோடு ஒத்துப்போகிறது. குவிக்கும்போது போல்ட்டைக் கழற்றித் தனியே போடுவதுண்டு. பிறகு கைக்கு வந்ததைச் செருகிக்கொள்வார்கள்.

"மாமியாரிடம் இதை எப்படி சார் சொல்வது?" என்றான். கதையை அழிக்காதே, கதையை ஒரு தாளிலும், தாளும் துப்பாக்கியும் சொல்வதை இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டிலும் தேதி போட்டு வை என்றேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்த அம்மா சிரித்தாராம். "என் மாமனார் அதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. கதையெல்லாம் அவர் தம்பி விட்டது" என்றாராம்.

பாதுகாப்பது பற்றியும் கேட்டான். முதல் வேலை, விஷயம் தெரிந்தவரிடம் காட்டி உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. சுடவே கூடாது. போரின் கடைசி மாதங்களில் அவசரத்தில் செய்தவையும், வெற்றுத்தோட்டாவுக்காக மட்டும் செய்த பயிற்சித் துப்பாக்கிகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பயிற்சித் துப்பாக்கியில் அசல் தோட்டா போட்டால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கக்கூடும்.

உப்புத்தாள், கம்பி நார், வார்னிஷ் மூன்றும் பக்கத்தில் வரக் கூடாது. கட்டையின் மேல் இருப்பது உருஷி என்ற மரப்பால் பூச்சு. நம் ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேராங்கொட்டை இருக்கிறதே, அதே குடும்பத்து மரம். பால் பட்டால் அதேபோலக் கொப்பளிக்கும். அந்தப் பூச்சை "பழைய அழுக்கு" என்று நினைத்துச் சுரண்டிய புண்ணியவான்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். இரும்புக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு. வியர்வைக் கை படாமல் கையுறை. உறைக்குள் மூடி வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறும்.

சிலர் காசு கொடுத்துப் பூவைத் திரும்பச் செதுக்கிக்கொள்கிறார்களாம். விலை கூடும் என்று ஆசை. எனக்கு அது கல்வெட்டைத் திருத்துவது போலத்தான். 1945இல் யாரோ ஒரு ஜப்பானியச் சிப்பாய் தலைகுனிந்து ராவிய அந்தக் கீறல்தான் அந்தத் துப்பாக்கியிலேயே மிகப் பெரிய ஆவணம்.

அந்தப் பூவுக்காக எனக்குக் கண்ணீர் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரரசரின் ராணுவம்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போனது. அங்கே பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். காட்டில் அவர்களைக் காவல் காத்தவர்கள் தோளில் தொங்கியவையும் பூப்போட்ட துப்பாக்கிகள்தான்.

மலாயாவிலோ பர்மாவிலோ இருந்து திரும்பிய தாத்தா, பாட்டி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சீட்டு, கப்பல் டிக்கெட் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படிக்க முயல்கிறேன்.