மிதக்கும் டிரெமொலோ பிரிட்ஜ்

மின்கிட்டாரின் கம்பிகளைத் தாங்கும் குதிரை, உடலில் அசையாமல் பதிந்திராமல் திருகாணிகளில் ஊன்றி முன்னும் பின்னும் சாயும் அமைப்பு. அதில் பொருத்திய கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இத்தகைய பிரிட்ஜைப் பொருத்தி டிரெமொலோ என்றார். சுருதி அலைவதற்கு வைப்ராட்டோ என்பதே சரியான சொல். பிழையான பெயரே நிலைத்துவிட்டது. கம்பியை இரு முனையிலும் பூட்டும் வகைக்கு ஃபிளாய்ட் ரோஸ் 1979இல் காப்புரிமை பெற்றார்.

இதன் உயிர் சமநிலை. மெல்லிய கம்பித் தொகுதி ஒருபுறம் சுமார் 38 கிலோ விசையில் இழுக்க, மறுபுறம் முதுகுக் குழியில் உள்ள மூன்று முதல் ஐந்து சுருள்வில்கள் எதிர்த்து இழுக்கின்றன. ஒரு கம்பியை முறுக்கினால் குதிரை முன்சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கிவிடும். வீணையில் பிருடை திருகிப் பழகியவருக்கு இது திகைப்பாகவே இருக்கும். பொறுமைதான் வழி: ஆறு கம்பிகளையும் திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். அதன் பிறகும் குதிரை முன்சாய்ந்திருந்தால் வில்களைப் பிடித்திருக்கும் திருகாணிகளை அரைச்சுற்று இறுக்கி, பின்சாய்ந்திருந்தால் தளர்த்தி, மீண்டும் சுருதி பார்க்க வேண்டும். பூட்டும் வகையில், குதிரை உடலுக்கு இணையாக நின்ற பிறகே கம்பிகளின் மேல்முனையைப் பூட்டலாம். குதிரையில் உள்ள நுண்திருகுகளை அதற்கு முன்பே நடுநிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். வீணையின் லங்கர் செய்யும் நுண்சுருதி வேலையைப் பூட்டிய பின் இவையே செய்கின்றன.

எலவனாசூர்கோட்டை போன்ற சிற்றூரிலிருந்து கச்சேரிக்குக் கிளம்புகிறவர் பூட்டைத் தளர்த்தும் ஆலன் சாவியும் மாற்றுக் கம்பியும் மறக்கக் கூடாது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும்.